நமக்கெதுக்கு ஜாஸ்?

பறையைப் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் ஜாஸ் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் மெல்லக் கசிகிற மேட்டுக்குடிச் சரக்கு, அது நமக்கெதுக்கு என்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அது நம்மிடம் வந்து சேர்ந்த வழி அப்படி. நியூ ஆர்லியன்ஸ் கறுப்பர்களின் தெருக்களில் வளர்ந்த இசைக்கு 1917இல் முதல் இசைத்தட்டு போட்டுப் பெயர் வாங்கியது ஒரு வெள்ளையர் குழு. பாடுபட்டவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் இன்னொருத்தன். நமக்குத் தெரியாத கதையா இது?

ஆனாலும் நம் மாணவத் தோழர்கள் ஜாஸ் கேட்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஆல்பம் பட்டியல் கொடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கூடவே ஒரு சிபாரிசு: "இதுல அரசியலெல்லாம் கிடையாது, சுத்தமான இசை." என் சண்டை அந்தச் 'சுத்தம்' என்கிற சொல்லோடுதான். தீட்டு என்றால் என்னவென்று அறிந்த நாம் அதைக் கூசாமல் சொல்லலாமா?

அந்தத் தட்டு வெளிவந்தது 1959 ஆகஸ்ட் 17. எட்டு நாள் கழித்து, நியூயார்க்கில் தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்புக்கு வெளியே, இடைவேளையில் நடைபாதையில் நின்றிருந்தார் மைல்ஸ். நகரு என்றது போலீஸ். அவர் நகரவில்லை. மண்டையை உடைத்து, ரத்தம் ஒழுகும் சட்டையோடு கைது செய்தார்கள். கிளப் வாசலில் எழுதியிருந்தது அவர் பெயர். இதைத் தெரிந்துகொண்டும் அந்த ஆல்பத்தைக் கேட்கலாம், மெய்மறக்கலாம். நானும் மறக்கிறேன். சுத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் பட்டியலில் முதலில் நிற்பது மாக்ஸ் ரோச்சின் 'வீ இன்சிஸ்ட்!' (1960). அட்டையைப் பாருங்கள். சாப்பாட்டுக் கடை மேசையில் மூன்று கறுப்பர்கள் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைப் பணியாள். அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான கடை மேசையில் உட்கார்ந்து, பரிமாறாமல் எழமாட்டோம் என்றார்கள். இரட்டைக் குவளை ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த அட்டையை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே, அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியைப் பற்றி ஒரு பாட்டு. அதில் விழுகிற ட்ரம்ஸ் அடி என் காதுக்குச் சாட்டையடி. மூத்த கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் அதில் சாக்ஸபோன் வாசிக்கும்போது ஓரிடத்தில் பிசிறு தட்டிவிட்டது. வெட்டாதீர்கள், இருக்கட்டும் என்றார் அவர். எல்லாம் பிசிறில்லாமல் இருந்தால்தான் இந்தப் பாட்டுக்குத் தப்பு என்பது அவர் கணக்கு. நடுவில் ஆபி லிங்கனின் குரலும் ரோச்சின் ட்ரம்ஸும் மட்டும். சொல்லே இல்லை. முதலில் முனகல், அப்புறம் அலறல். ஒரு நிமிஷத்துக்கு மேல் அலறல். எங்கள் தெருவில் எழவு விழுந்த வீட்டில் கேட்ட குரல் அது. கடைசிப் பாட்டு, 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டுக்கொன்ற 69 பேருக்காக.

தட்டு ரோச் பேரில். வசை விழுந்தது லிங்கன் மேல். (ஆண் தோழர்கள் கவனிக்க.) அடுத்த ஆண்டு அவர் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' கொண்டுவந்தபோது, கறுப்பாக இருப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டார் என்கிற தொனியில் 'டவுன் பீட்' பத்திரிகையில் எழுதினார் ஒரு வெள்ளை விமர்சகர். 1962இல் அதே பத்திரிகை கூட்டிய விவாதத்தில் லிங்கனும் ரோச்சும் அவரை எதிரே வைத்துக் கேள்வி கேட்டார்கள். தலித் எழுத்து வெறும் கூச்சல், கலையாகவில்லை என்று இங்கே நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே தீர்ப்புதான் அது.

அடுத்து சார்லஸ் மிங்கஸ். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பு மாணவர்கள் நுழையாதபடி படையை நிறுத்திய ஆளுநர் ஃபாபஸைக் கேலிசெய்யும் அவர் படைப்பு, 'மிங்கஸ் ஆ உம்' (1959) ஆல்பத்தில் வெறும் வாத்தியமாக இருக்கிறது. பாடல் வரிகளைக் கம்பெனி விடவில்லை என்பது பரவலான பேச்சு. மறு ஆண்டு கேண்டிட் என்ற சிறிய கம்பெனிக்காக வரிகளோடு பாடிப் பதிந்தார். 'சார்லஸ் மிங்கஸ் பிரசன்ட்ஸ் சார்லஸ் மிங்கஸ்' என்று தேடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சுத்தம் செய்வது என்றால் என்னவென்று காதுக்கே புரியும். ரோச்சின் தட்டும் அதே கேண்டிட்தான். சிறுபத்திரிகை நடத்துகிறவனுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

கடைசியாக ஜான் கோல்ட்ரேன். 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' (1964) ஆல்பத்தில் 'அலபாமா' என்று ஐந்து நிமிஷம் வரும். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் செத்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. இரண்டு மாதம் கழித்து இதைப் பதிந்தார். ஒரு சொல்லும் கிடையாது. வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள்.

தோழர்களே, உங்கள் பட்டியலை அனுப்புங்கள், வரும் இதழ்களில் போடுவோம். ஆல்பம் பெயர் மட்டும் போதாது. எந்த ஆண்டு, யார் யார் வாசித்தது, அப்போது அந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.