சப்பாத்திக்கு மாறினா மட்டும் போதுமா? உங்க தட்டுக்கும் உங்க பணத்துக்கும் உள்ள கணக்கு

எஸ்ஐபி, டெர்ம் இன்ஷூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம் சரியா வச்சிருப்பீங்க. ஆனா உங்க இடுப்பளவு எவ்வளவுன்னு கேட்டா சொல்லத் தெரியுமா? பணத்தைப் பத்திப் பேசற இடத்துல இது எதுக்குன்னு தோணலாம். காரணம் இருக்கு.

இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று சரியில்லை என்றால் அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். நம்மவர்களுக்கு இடுப்பு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொட்டாலே எச்சரிக்கை மணி.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அதற்கு முந்தைய நிலையில் 13.6 கோடி பேர். இந்த 13.6 கோடியில் இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஏன்னா, திரும்பி வர இன்னும் வழி இருக்கு.

நம்ம வீடுகள்ல முதல் வைத்தியம் என்ன? ராத்திரி சாதத்தை நிறுத்திட்டு நாலு சப்பாத்தி. என் கருத்துல இது ஃபண்டை மாத்தாம ஆப்பை மட்டும் மாத்தற வேலை. காலையில இட்லி, மதியம் குவிச்ச சாதம், சாயங்காலம் டீயோட பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி. பேர்தான் வேற வேற, எல்லாமே மாவுச்சத்து! மொத்தப் பணத்தையும் ஒரே ஷேர்ல போட்டவரை நாம பாராட்டுவோமா?

அரிசியைக் கைவிடச் சொல்லலை. சாதத்துல ஒரு கரண்டியைக் குறைங்க, பொரியலை ரெண்டு மடங்காக்குங்க, ஒவ்வொரு வேளையும் பருப்பு, முட்டை, சுண்டல், தயிர், மீன்னு ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடங்க. பிஸ்கட், வடைக்குப் போற காசுலயே இந்தச் சுண்டலும் முட்டையும் அடங்கிடும்.

இப்ப பணக் கணக்கு. மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் மாசம் 1,500 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. சாதாரண ஹெல்த் பாலிசிகள் பெரும்பாலும் இதைத் தராது. அதே 1,500-ஐ 25 வருஷம் எஸ்ஐபியில் போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைத்தால் சுமார் 20 லட்சம். அதோட, நோய் வந்த பிறகு பாலிசி எடுத்தால் அந்த நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம், பிரீமியமும் ஏறலாம். 'சொல்லாம மறைச்சு எடுத்துக்கலாம்'னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஆஸ்பத்திரி பில் வர்ற நேரத்துல க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டா மொத்தக் குடும்பமும் தெருவுக்கு வந்துடும்.

ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க டாக்டரைக் கேட்காம சாப்பாட்டு அளவை மாத்தாதீங்க. சர்க்கரை திடீர்னு இறங்கிடலாம்.

மத்தவங்க இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே மூணு. டேப் எடுத்து இடுப்பை அளங்க. வெறும் வயித்துல ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. உங்க ஹெல்த் பாலிசியை எடுத்து காத்திருப்புக் காலம் எவ்வளவுன்னு படிங்க. இன்னும் பாலிசியே எடுக்கலைன்னா, உடம்பு நல்லா இருக்கற இந்த நேரம்தான் அதுக்குச் சரியான நேரம்.