லிஃப்ட் மட்டுமா நின்றது?

2020 மார்ச் 14 இரவு, அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆளுநர் ஜாரெட் போலிஸ் அந்த மாநிலத்தின் பனிச்சறுக்கு ரிசார்ட்டுகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். கொரோனா மலையூர்களுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. ரிசார்ட்டை மூடலாம், மலையை மூட முடியுமா என்று கேட்டபடி, வழுக்காத பட்டையைச் சறுக்குப் பலகைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு பலர் கால்நடையாகவே மேலே ஏறிவிட்டார்கள். ‘மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் ஓடவில்லை, அவ்வளவுதானே, மற்றபடி அதே மலை, அதே பனி’ என்பது அவர்கள் வாதம். தொற்று ஓய்ந்த பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் பல ரிசார்ட்டுகள் சீசனை முடித்துக் கதவடைக்கும்போது இதே வசனத்தைக் கேட்கலாம்.

மலை அதேதான். பனி அதுவல்ல.

கொலராடோவின் ஆஸ்பென் ஹைலண்ட்ஸ் ரிசார்ட்டில் ‘ஹைலண்ட் போல்’ என்ற செங்குத்தான பெரும் சரிவு இருக்கிறது. 1984 மார்ச் 31 அன்று அங்கே ரோந்துப் பணியாளர்கள் மூன்று பேர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். விளையாடப் போனவர்கள் அல்ல; பனிச்சரிவைக் கட்டுப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள். அதே இடத்தில்தான் இன்று காசு கொடுத்தவர்கள் சறுக்குகிறார்கள். இடையில் என்ன நடந்தது?

கொலராடோவில் குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாகத்தான் விழும். குளிரோ கடுமையாக இருக்கும். அடியில் தரையின் வெப்பம், மேலே உறையவைக்கும் காற்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பனி நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாகிவிடுகிறது. சர்க்கரைப் பனி என்று அதற்கு அங்கே பெயர். பிறகு வரும் புயல்பனி அதன் மேல் கெட்டித் தகடாகப் படியும்போது, ஓர் ஆள் ஏறி நின்றாலே மொத்தமும் கழன்று வரலாம். இதைத் தடுக்க ஹைலண்ட் போலில் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது: ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஆட்கள் வரிசைகட்டி, பூட்ஸ் காலால் சரிவை மேலிருந்து கீழ்வரை மிதிக்கிறார்கள். மிதித்து உழைக்கும் தொண்டர்களுக்குக் கூலி, லிஃப்ட் பாஸ். அதோடு முடிவதில்லை. புயலடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் ரோந்துக்காரர்கள் வெடிவைத்து, தளர்ந்து நிற்கும் பனியைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் நாள் முழுவதும் சறுக்குபவர்களின் பலகைகள் புதுப்பனியைத் தகடாக இறுக விடாமல் கிழித்துக்கொண்டே இருக்கின்றன.

ரிசார்ட் மூடியதும் இவ்வளவும் நின்றுவிடுகிறது. அடுத்து விழும் பனிக்கு வெடியும் இல்லை, கிழிக்க ஆளும் இல்லை. அறிவிப்புப் பலகையும் லிஃப்ட் கம்பமும் நேற்றிருந்த இடத்திலேயே நிற்பதால் கண்ணுக்கு அது ரிசார்ட்டாகத் தெரிகிறது. உண்மையில் யாரும் கவனிக்காத காட்டுமலை. சில இடங்களில் அதைவிட மோசம். மூடிய பிறகும் அங்கே பனியைச் சமன்செய்யும் வண்டி ஓடும்; செங்குத்துச் சரிவில் அது வின்ச் என்னும் இழுவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். பனிக்குள் புதைந்து கிடக்கும் கம்பி ஒரு நொடியில் விறைத்து மேலெழும். மூடிய மலையில் யார் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் ஓட்டுநர் வேலை செய்துகொண்டிருப்பார்.

“பத்து வருஷமா இந்தச் சரிவுல போறேன், எனக்குத் தெரியாததா?” என்பது அடுத்த வாதம். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் இதுதான். அந்தப் பத்து வருடமும் வெடிவைத்துப் பக்குவப்படுத்திய பனியில் போனவர் அவர். அனுபவம் ரோந்துக்காரர்களுடையது, இவருடையதல்ல. அமெரிக்காவில் நடந்த எழுநூற்றுச் சொச்சம் பனிச்சரிவு விபத்துகளை அலசிய இயன் மெக்கேமன், மனிதர்களை ஏமாற்றும் மனக்கண்ணிகளுள் ஒன்றாகப் ‘பழகிய இடம்’ என்பதைச் சொன்னார். மூடிக்கிடக்கும் ரிசார்ட்டைவிடப் பழகிய இடம் ஏது?

கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றும் இல்லாமல் போகவே கூடாது; அதில் பேச்சில்லை. ஆனால் அவை புதைந்தவரைத் தேடியெடுக்கத்தான், புதையாமல் காக்க அல்ல. கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றும், 35 நிமிடமாகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான் தேறுகிறார் என்றும் சுவிட்சர்லாந்தின் பதிவுகள் காட்டின. மரத்திலோ பாறையிலோ மோதிச் செத்தவருக்கு அந்தக் கால் மணி நேரமும் கிடையாது.

கடைசியாக, “என் உயிர், என் இஷ்டம்.” 2020 மார்ச் 25 அன்று, கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு மேலே ஸ்னோபோர்டில் போன இருவர் கிளப்பிய பனிச்சரிவு கீழிருந்த சேவைச் சாலையை மூடியது. பனியைக் கட்டுப்படுத்த அங்கே வைத்திருந்த கருவியும் நொறுங்கியது. அருகிலேயே ஓடுவது இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை. யாருக்கும் காயமில்லை. பிறருக்கு ஆபத்து விளைவித்ததாக இருவர் மீதும் வழக்குப் பாய்ந்தது. அரசுத் தரப்பு கேட்ட இழப்பீடு 1,68,000 டாலர். (விபத்தைத் தாங்களே முன்வந்து தெரிவித்தவர்கள் மீது வழக்குப் போட்டால் அடுத்தவர் வாயைத் திறப்பாரா என்ற கேள்வி எனக்கும் உண்டு.) உயிர்ப்பலி வாங்கும் விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில் பனியைக் கிளப்புவது சிக்கியவரோ கூட வந்தவரோதான். தேடப் போகும் மீட்புக் குழுவினரோ கொலராடோவில் பெரும்பாலும் ஊதியமில்லாத தொண்டர்கள். அந்த மார்ச்சில் அவர்கள் மாஸ்க்குக்கே திண்டாடும் மருத்துவமனைகளுக்குத்தான் ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பனித்தகடு அநேகமாகக் கழல்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்து, தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு எதுவும் தொங்கவில்லை என்பதை முந்தின நாளே வரைபடத்தில் பார்த்துவிடலாம். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அபாய அளவுகோலின் ஐந்து படிகளில் அதிக உயிர் போவது மூன்றாம் படியில். ஐந்துக்கு மூன்று பாஸ் மார்க் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். வசந்த காலமானால் இரவில் பனி உறைந்ததா என்று பாருங்கள். உறைந்திருந்தால் விடியலில் ஏறி, வெயில் இளக்குவதற்குள் இறங்கிவிட வேண்டும், உறையாவிட்டால் படுத்துத் தூங்கலாம். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மூடிய ரிசார்ட்தான் வேண்டுமென்றால் முதலில் ரிசார்ட்டைக் கேளுங்கள்: எந்தப் பாதை, எந்த நேரம், வின்ச் எங்கே ஓடுகிறது. 2020இல் சில ரிசார்ட்டுகள் நடந்தேறுபவர்களை அனுமதித்தன, சில மறுத்தன. அனுமதி கிடைத்தாலும் உங்களுக்கு முன்னால் போய் வெடிவைக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.