யோக்கியதை என்னும் சாக்கு

ஸர்வகலாசாலைகளின் ஸயன்ஸ் பகுதிகளில் ஸ்திரீகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் ஸமமான இடம் வேண்டுமென்று யாரேனும் வாய் திறந்தால், "யோக்கியதை கெட்டுவிடும்" என்று கூக்குரலிடும் கனவான்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சாஸ்திரத்துக்கு ஜாதியில்லை, ஆண் பெண் என்ற பேதமில்லை; ஆகையால் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது அவர்கள் கக்ஷி. சாஸ்திரத்துக்கு இல்லை என்பது வாஸ்தவமே. சாஸ்திரக்ஞர்களுக்கு இருந்தது என்பதற்கு ருஜு வேண்டிய மட்டும் இருக்கிறது.

1933-ம் வருஷம் பம்பாய் ஸர்வகலாசாலையின் பி. எஸ்ஸி. பரீக்ஷையில் முதன்மையாகத் தேறிய கமலா பாகவத், பின்னாளில் கமலா ஸோஹனி என்று பெயர் பெற்றவர், பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் சேர மனுச் செய்தார். அதன் முதல் இந்திய டைரக்டராக ஸர் ஸி. வி. ராமன் அமர்ந்ததும் அவ்வருஷமே. பெண் என்ற ஒரே காரணத்தால் மனு நிராகரிக்கப்பட்டது. அம்மாது விடவில்லை, நேரில் சென்று காரணம் கேட்டார். முடிவில், ஒரு வருஷம் பரீக்ஷார்த்தமாக இருக்க வேண்டும், டைரக்டர் திருப்தியடைந்த பிறகே வேலை அங்கீகரிக்கப்படும், ஆண் மாணாக்கரின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. மூன்றாவது நிபந்தனையை நேயர்கள் மறுபடியும் படிக்கட்டும். பிறர் மனம் அலைந்தால் அதற்கு இவர் ஜவாப்தாரியாம்! எந்த நியாயஸ்தலமும் இப்படியொரு ஜாமீன் கேட்டதாக நாம் அறியோம். 1939-ல் அவர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஒரு வருஷ அனுபவத்துக்குப் பின் ராமன் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்பதையும் சொல்லாமலிருப்பது நியாயமாகாது.

ஆனால் கதவு திறந்தால் மட்டும் போதுமா? சென்னை ராஜதானிக் கலாசாலையில் ஆனர்ஸ் தேறிய அன்னா மணி, 1940-ல் ராமனுடைய ஆராய்ச்சிசாலையில் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளி உமிழும் விதத்தை ஆராய்ந்தார். அந்த மங்கிய ஒளி போட்டோத் தகட்டில் பதிவதற்குச் சில சமயம் 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும்; இரவெல்லாம் கண் விழித்துச் செய்த வேலை அது. 1942-க்கும் 1945-க்கும் இடையே தனியாகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் தம் ஆராய்ச்சி நூலைச் சென்னை ஸர்வகலாசாலைக்கு அனுப்பினார். எம். எஸ்ஸி. பட்டம் இல்லையென்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அதே ஆனர்ஸ் பட்டத்தை நம்பித்தான் அவருக்கு ஆராய்ச்சி உபகாரச்சம்பளம் அளித்திருந்தார்கள்! டாக்டர் பட்டமில்லாத அவர் 1948-ல் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைச் செப்பனிட்டு, அவை இந்நாட்டிலேயே தயாராகும்படி செய்தார். யோக்கியதைக்கு இனி யாரிடம் ஸாக்ஷி கேட்பது?

விதி விதிதானே என்பார்கள். எழுத்தில் விதி எல்லோருக்கும் ஒன்றே. அதைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒருவர் கையில் அதிகாரம் இருக்கிறது. அது யாருக்குத் தளர்கிறது, யாருக்கு இறுகுகிறது என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. வக்கீல் தொழிலில் நாம் தினந்தோறும் கண்டது இது.

ஜாதி விஷயமும் இவ்வாறே. நக்ஷத்திரங்களின் உஷ்ணத்தை அளக்க 1920-ல் வழி கண்ட மேகநாத ஸாஹா, கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது, உடனிருந்து உண்ண மேல்ஜாதி மாணவர்கள் மறுத்தனர். அந்தப் பந்தியில் கேள்வி கணிதமல்லவே.

இன்று ஸர்வகலாசாலைகளில் ஸமத்துவத்துக்கென்று கமிட்டிகள் இருக்கின்றன, அறிக்கைகளும் வருகின்றன. நாம் கேட்பது அதனினும் சிறியது. இரவில் நடக்கும் பரிசோதனைக்கு ஒரு பெண் தங்கவும், முடிந்தபின் பத்திரமாக வீடு சேரவும் ஏற்பாடு உண்டா? மாணாக்கரைத் தேர்ந்தெடுக்கும் மேஜையில் எல்லா வகுப்பினரும் அமர்கிறார்களா? நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணத்தை எழுத்தில் தந்து, பகுதித் தலைவர் அதன்கீழ்த் தம் கையெழுத்தைப் போடட்டும்.