மலை யாத்திரைக்கு ஏற்ற மழையங்கி

தாமிரபரணிக் கரையில் வாழ்வோருக்குக் குளிர் என்பது, மார்கழி விடியலில் கோயிலுக்குச் செல்லும்போது தோளில் போர்த்தும் துண்டோடு முடிந்துவிடும். அதனால்தான் கேதார்நாத்துக்கோ அமர்நாத்துக்கோ முன்பதிவு செய்யும் குடும்பங்கள் மருந்துகளையும் தின்பண்டங்களையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தாலும், உடை விஷயத்தில் ஒரு பழைய ஸ்வெட்டரே போதும் என்று இருந்துவிடுகின்றன.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பாபநாசம் அடிவாரத்துக்கும் 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை உச்சிக்கும் ஏறத்தாழ 11 டிகிரி வேறுபாடு. 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத்துக்கும் நெல்லைக்கும் இதே கணக்கைப் போட்டால் 23 டிகிரி. இங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் புறப்படுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால், குளிரைவிடக் கொடியது ஈரம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பவரின் உடற்சூடு விரைவில் வடிந்துவிடும். 1996 ஆகஸ்டில் அமர்நாத் பாதையில் எதிர்பாராத மழையும் பனிப்புயலும் தாக்கியபோது, குளிராலும் களைப்பாலும் 240-க்கும் மேற்பட்ட யாத்ரிகர்கள் உயிரிழந்தனர். அது பனிக்காலம் அன்று. நம் ஊர்க் கணக்கில் ஆவணி மாதம்.

எனவே கனமான ஒரே உடையைவிட, பிரித்து அணியக்கூடிய மூன்று அடுக்குகளே பாதுகாப்பானவை. உடலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியேற்ற வேண்டும். நம் ஊருக்கு உகந்த பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி உள்ளாடையே ஏற்றது. இரண்டாவது, சூட்டைக் காக்கும் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். மூன்றாவது, மழையையும் காற்றையும் தடுக்கும் மேலங்கி. பின்னிரண்டையும் ஜிப்பால் இணைத்து ஒரே ஜெர்கினாகவும் விற்கிறார்கள். ஏற்றத்தில் வியர்க்கும்போது உள்ளடுக்கைக் கழற்றலாம். நின்று இளைப்பாறும்போது மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

கடையில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். 10,000 என்றால், சோதனையில் அத்துணி பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தம் வரை கசியாமல் தாங்கியது என்று பொருள். மலைமழைக்கு அந்த அளவாவது தேவை. துணி நன்றாக இருந்தாலும் தையல் துளை வழியே நீர் புகும். ஆகவே உட்புறத்தில் தையல்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். வெளியே நீர் புகாமலும் உள்ளே வியர்வை ஆவி தேங்காமலும் இருக்க வேண்டும்; சாதாரண பிளாஸ்டிக் மழைக்கோட்டில் இரண்டாவது நடக்காது, உள்ளிருந்தே உடல் நனைந்துவிடும். அக்குளில் ஜிப் வைத்த அங்கி இதற்கு உதவும். ஸ்வெட்டரின் மேல் அணிந்து, கோபுரத்தை வணங்குவதுபோல் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பிப் பார்க்க வேண்டும். அப்போது இடுப்பு வெளியே தெரிந்தால் அந்த அளவு போதாது. சேலை அணியும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இவ்வளவு செலவு ஒரே யாத்திரைக்குத்தானா என்று தயங்க வேண்டியதில்லை. உள்ளடுக்கை நீக்கிய மேலங்கி, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும்போதும், குற்றாலச் சாரலிலும், ஐப்பசி அடைமழையிலும் பயன்படும். புறப்படுவதற்கு முன்பே வீட்டில் அதை அணிந்து, தலைவழியே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுவது நல்லது. கசிவு இருந்தால் ஊரிலேயே மாற்றிக்கொள்ளலாம். மலைப்பாதையில் அதற்கு வழியில்லை.

திரும்பி வந்ததும் துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்காமல், மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அவ்வாறு பேணினால், அடுத்த ஆண்டு யாத்திரை புறப்படும் உறவினருக்கும் அதே அங்கியை நம்பிக் கொடுக்கலாம்.