மில்லிமீட்டர் கணக்கு மக்களுக்கும் தெரியட்டும்

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. சென்னை அண்ணா மேம்பாலத்துக்கு அருகே, அண்ணா சாலை திடீரென உள்வாங்கியது. மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்துக்குள் இறங்கின. அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் உயிர் தப்பினர், பள்ளம் மூடப்பட்டது, போக்குவரத்தும் திரும்பியது. அன்று மண் சரிந்தது சாலைக்கு அடியில். ஒரு பாலத்தின் தூணுக்கு அடியில் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இப்போது 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. அடையாற்றுக்கு அடியிலும், கோடம்பாக்கம் பகுதியில் புறநகர் ரயில் தண்டவாளங்களுக்கு அடியிலும் சுரங்கம் தோண்டும் இயந்திரம் கடந்துவிட்டது. நெரிசலில் திணறும் நகரத்துக்கு இந்த ரயில் வேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால், எந்தப் பாலத்தை நெருங்கும்போதும் அந்தப் பாலம் எவ்வளவு அசைகிறது என்ற அளவீடு பொதுவெளிக்கு வர வேண்டும். எல்லை மீறினால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம், தோண்டுபவரைச் சாராத பொறியாளரிடம் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். சென்னையில் தோண்டும் இயந்திரத்தின் வெட்டும் தலை ஏறத்தாழ 6.6 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் பின்னே பொருத்தப்படும் கான்கிரீட் வளையம் அதைவிடச் சற்றுச் சிறியது. இடையில் விடும் சந்தில் உடனுக்குடன் சிமென்ட் கலவையைச் செலுத்துகிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் மண் உள்ளே தளர்ந்து வரத்தான் செய்யும். அது தோண்டும் அளவில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டர் தோண்டும்போதும் ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மண் கூடுதலாகப் போகிறது. ரால்ஃப் பெக் என்ற பொறியாளர் 1969-இல் முன்வைத்த முறைப்படி கணக்கிட்டால், களிமண்ணில் 20 மீட்டர் ஆழத்தில் செல்லும் ஒரு சுரங்கத்துக்கு நேர் மேலே தரை ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் இறங்கும். கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

சாலை இதைத் தாங்கிக்கொள்ளும். பாலத்தின் கதை வேறு. சுரங்கத்துக்கு மேலே உள்ள தூண் 14 மில்லிமீட்டர் இறங்கும்போது, 25 மீட்டர் தள்ளி நிற்கும் அடுத்த தூண் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. தூணுக்குத் தூண் தனித்தனி உத்தரமாக அமைந்த பாலம் இதைச் சமாளித்துவிடக்கூடும். தூண்களுக்கு மேல் ஒரே தொடராக வார்த்த பாலத்தில், அந்த வித்தியாசம் முழுவதும் உத்தரத்துக்குள் பாரமாக ஏறுகிறது. இரட்டைச் சுரங்கம் என்றால் தரை இரண்டு முறை அசையும். ஆழக் குத்துத்தூண்களில் நிற்கும் பாலமாக இருந்தால், அவற்றைப் பிடித்திருக்கும் மண்ணே பிடி தளர்த்துகிறது. இதோடு, சென்னையின் மண் ஒரே சீராக இல்லை. தோண்டும் முகப்பின் பாதியில் பாறையும் மீதிப் பாதியில் மணலும் வரும் இடங்களில், கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு மண் வந்துவிடலாம்.

அளக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. தூணில் ஒட்டிய கைக்கடக்கமான பிரிஸத்தைத் தொலைவில் உள்ள கருவி இரவும் பகலும் பார்த்து, மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறது. விரிசலின் குறுக்கே ஒட்டிய சிறு அளவுகோல், அது எவ்வளவு அகன்றது என்று காட்டுகிறது. இந்தக் கருவிகள் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப்பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலையோரம் தோண்டிய ஆழ்குழி, மெர்டேக்கா பாலத்துக்கு அருகே சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். அது இயந்திரம் துளைத்த சுரங்கமல்ல, மேலிருந்து திறந்து தோண்டிய பள்ளம். ஆனால் பாடம் ஒன்றுதான். தடுப்புச்சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைகிறது என்று கருவிகள் முன்கூட்டியே காட்டியிருந்தன. வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக, மறுகணக்குப் போட்டு அனுமதிக்கும் எல்லையையே உயர்த்தினார்கள். விசாரணைக் குழு இதையெல்லாம் வெளிப்படையாகப் பதிவுசெய்தது. அங்கே சட்டமும் இறுகியது.

லண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜூபிலி ரயில் பாதைக்காக 1990-களில் வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தை ஏறத்தாழ 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியபோது, பக்கத்திலேயே பிக் பென் கோபுரம். கோபுரத்துக்கு அடியில் முன்கூட்டியே குழாய்களைச் செருகி வைத்தார்கள். கோபுரத்தின் சாய்வை விடாமல் அளந்தார்கள். சாய்வு எல்லையை நெருங்கிய போதெல்லாம், குழாய் வழியே சிமென்ட் கரைசலைச் செலுத்தித் தரையைத் தாங்கிப் பிடித்தார்கள். அளவீடு வந்ததும் கை வேலை செய்தது.

ஜெர்மனியின் ராஷ்டாட்டில் 2017 ஆகஸ்ட் 12 அன்று, சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த தண்டவாளம் தொய்ந்தது. ஐரோப்பாவின் முக்கியமான ரயில் பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. பாலத்தை இரண்டு மூன்று நாள் மூடி வைப்பதை நஷ்டம் என்று நினைப்பவர்கள் அந்த ஏழு வாரத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் ஊரில் நிலைமை இன்னொரு விதத்தில் கவலை தருகிறது. சுரங்கம் ஒருவருடையது, பாலம் மாநகராட்சியுடையதோ நெடுஞ்சாலைத் துறையுடையதோ, தண்டவாளம் ரயில்வேயுடையது. அவரவர் எல்லையோடு அவரவர் பொறுப்பு நின்றுவிடுகிறது. ஆனால் முனைந்தால் நம்மால் முடியும். தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மெட்ரோ சுரங்கத்துக்கு மேலே எஃகு மேம்பாலம் எழுகிறது. அடியில் இருக்கும் சுரங்கத்தின் மேல் பாரம் ஏறக் கூடாது என்ற கவனம் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. சுரங்கத்துக்காகப் பாலம் இவ்வளவு ஒதுங்கிப் போகும்போது, பாலத்துக்காகச் சுரங்கப் பணி அதே அளவு கட்டுப்பட வேண்டாமா?

அளவீடுகளை வெளியிட்டால் மக்கள் பீதி அடைவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறோம். அதைப் பார்த்து யாரும் ஊரைக் காலி செய்துவிடவில்லை; எண்ணைப் பார்த்துத்தான் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

ஆகவே, இயந்திரம் ஒரு பாலத்தை நெருங்குவதற்கு முன்பே அதன் பழைய விரிசல்கள், தாங்கிகள், அடித்தளத்தின் ஆழம் எல்லாவற்றையும் பாலத்தின் உரிமையாளரும் சுரங்க நிறுவனமும் சேர்ந்து பதிவுசெய்து கையெழுத்திட வேண்டும். பழைய வரைபடம் கிடைக்காத பாலத்துக்கு அடித்தளத்தைச் சோதித்துப் பார்க்காமல் அனுமதி தரக் கூடாது. எச்சரிக்கை எல்லையை வேலை தொடங்கிய பிறகு உயர்த்த வேண்டுமானால், வெளிநிபுணரின் ஒப்புதலும் அதற்கான காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். கடக்கும் நாட்களில் கனரக வாகனங்களை மாற்றுப் பாதையில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களின் அளவீடுகள் இணையத்திலும், பாலத்தின் இருமுனைகளிலும் தமிழில் எழுதிய பலகைகளிலும் இடம்பெற வேண்டும். இதற்கான அரசாணையை, அடுத்த பாலத்தை இயந்திரம் எட்டுவதற்கு முன் தமிழக அரசு பிறப்பிக்க வேண்டும்.