இரட்டைப் பட்டம்: எந்தக் கல்லூரிக்கு முதலிடம்?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வழிவிட்டது. வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. ஒன்றை நேரடியாகவும் மற்றதை அஞ்சல் வழியிலும் படிக்கலாம். நிதித்துறையை நாடி வணிகவியலோடு பொருளாதாரமும் படிக்க எண்ணும் நம் பிள்ளைகள் எந்தக் கல்லூரியை முதன்மையாகக் கொள்வது?

பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்! கணக்கியல், ஆசிரியர் முன் அமர்ந்து, தவறு செய்து, திருத்திப் பழக வேண்டிய கலை. அதை நன்றாகக் கற்றுத்தரும் கல்லூரியில் நேரடியாகச் சேருங்கள். பொருளாதாரத்தை அஞ்சல் வழியில் படியுங்கள். அதற்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

'நிதித்துறை என்றாலே வட்டிதானே?' என்று பெற்றோர் தயங்கலாம். வட்டிக் கணக்கை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். எனவே அந்த அச்சம் நியாயமானது. ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்வதல்லவா? தணிக்கை, வரி, வணிகக் கணக்கு, வக்ஃபு கணக்கு என ஹலாலான வாசல்கள் பல உண்டு. அனைத்துக்கும் சாவி கணக்கியலே!

ஜமாஅத்தார்களே! உதவித்தொகை கேட்டு வரும் மாணவனிடம் 'எந்தக் கல்லூரி?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அங்கே எதைக் கற்கப் போகிறாய்?' என்றும் கேளுங்கள்.