கருப்பட்டிக்கு ஒரு நியாயம், முகத்துக்கு ஒரு நியாயமா?

உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் ஊரறிந்தது. 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விவரம் அறிந்தவர்கள் கறுத்த கருப்பட்டியைத்தான் நம்பி வாங்குகிறார்கள். வெளுத்திருந்தால் சீனி கலந்ததோ, ரசாயனம் சேர்ந்ததோ என்று சந்தேகிக்கிறார்கள். பண்டத்தில் காட்டும் இந்த எச்சரிக்கை, முகத்தின் விஷயத்தில் மட்டும் பலரிடம் இல்லாமற் போவது ஏன்?

கல்யாணத் தேதி குறித்ததும் அழகு நிலையத்துக்கு ஓடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அங்கே 'கெமிக்கல் பீல்' என்ற பெயரில் முகத்தில் அமிலம் பூசுகிறார்கள். மேல்தோல் சில நாட்களில் உரிந்து, புதுத் தோல் வளர்கிறது.

இது மருத்துவ முறைதான், மறுக்க வேண்டியதில்லை. கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களை அளவோடு பூசி, முகப்பருவையும் கரும்புள்ளிகளையும் தோல் மருத்துவர்கள் குறைக்கிறார்கள். ஆனால் வீரியம் கூடினாலோ, பூசிவைத்த நேரம் நீண்டாலோ தோல் வெந்துவிடும், தழும்பு நிலைத்துவிடும். ஆழமாக உரிக்கப் பயன்படும் பீனால், ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். 2024 ஜூனில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் பீனால் பூசிக்கொண்ட 27 வயது வாலிபர் ஒருவர் உயிரிழந்தார். மறு மாதமே, மருத்துவர் மேற்பார்வையின்றி இத்தகைய அமிலங்களை வாங்கிப் பூச வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

மாநிறத்தாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புண்பட்ட தோல் ஆறும்போது கருநிறமி அதிகமாகச் சுரக்கிறது. வெளுக்க ஆசைப்பட்ட முகத்தில் திட்டுத் திட்டாகக் கருமை படிகிறது. அந்த முகத்தோடு தேரிக்காட்டு வெயிலில் நடந்தால், கேட்கவே வேண்டாம்.

ஆகவே, தோல் மருத்துவரைக் கேளாமல் அமிலத்தைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும், பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உரித்தபின் வெயில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவுகள் இருக்கும்போது, விளம்பரத்தை நம்பிப் புட்டி வாங்குவானேன்?

அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. வீரியமான அமிலங்கள் கேட்பவர் கைக்கெல்லாம் போகாதபடி தடுக்க வேண்டும். மருத்துவர் இல்லாத இடங்களில் அவற்றைப் பூசுவதை அனுமதிக்கக் கூடாது.

பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்பதை நிறுத்தினால், பாதி ஆபத்து அன்றே நீங்கும். கருமை கருப்பட்டிக்குப் பெருமை என்றால், மனிதருக்கு மட்டும் அது எப்படிக் குறையாகும்?